சர்க்கரை பார்க்கும் கருவியும் பட்டைகளும்: வாங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் வகை நீரிழிவு இருப்பதாக அன்றுதான் தெரிந்துகொண்ட ஒருவர், மருத்துவரின் அறையிலிருந்து நேராக மருந்துக்கடைக்கு வந்து "ஒரு சுகர் மெஷின் கொடுங்கள்" என்று கேட்பதைப் பல ஆண்டுகளாகக் கடைக்குள் நின்று பார்த்து வருகிறேன். அவருக்கு முன்னால் வந்தவர்கள் எங்கே பணத்தை இழந்தார்களோ அதே இடத்தில் அவரும் இழக்கப் போகிறார் என்பது அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துவிடும். கை கழுவாமல் விரலைக் குத்துவது, காலாவதி தேதியைப் பார்க்காமல் வாங்குவது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. கருவியோடு வரும் தாளே அவற்றைச் சொல்லிவிடுகிறது. அந்தத் தாள் சொல்லாமல் விடுகிற, பட்டை (இரத்தத் துளியை வைத்துப் பார்க்கும் ஸ்ட்ரிப்) தொடர்ந்து கிடைப்பதையே கெடுத்துவிடுகிற தவறுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கருவியை முதலில் தேர்ந்தெடுப்பது

இதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு வைக்கும் தவறு. இன்றும் இதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது. வாங்குபவர்மீது அல்ல, அவரிடம் யாருமே முன்கூட்டிச் சொல்லவில்லையே என்பதால்.

குளுக்கோமீட்டரை ஒருமுறை வாங்குகிறோம். பட்டையை நோய் இருக்கும் காலமெல்லாம் வாங்குகிறோம். வழக்கமாகக் கடைகளில் விற்கும் பட்டைகளுக்கு ஒன்றுக்கு 15 முதல் 25 ரூபாய் வரை ஆகிறது. 20 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு ஒருமுறை பார்ப்பவருக்கு மாதம் 600 ரூபாயும் ஆண்டுக்கு 7,300 ரூபாயும் செலவாகும். சில மாதங்களிலேயே பட்டைச் செலவு கருவியின் விலையைத் தாண்டிவிடுகிறது. அப்படியிருந்தும் கடைக்கு வருபவர்கள் கருவி 900 ரூபாயா 1,200 ரூபாயா என்று அரை மணி நேரம் யோசிக்கிறார்கள். பட்டையின் விலையை ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை.

விலையைவிடப் பெரிய சிக்கல் பொருத்தம். ஒரு கருவியின் பட்டை இன்னொரு கருவிக்கு உதவாது. ஒரே நிறுவனத்தின் கருவிகளுக்கும் இது பொருந்தும்: அக்யூ-செக் ஆக்டிவ் பட்டை அக்யூ-செக் இன்ஸ்டன்ட் கருவியில் வேலை செய்யாது. முன்னது பட்டையில் ஏற்படும் நிறமாற்றத்தை ஒளியால் அளக்கிறது. பின்னது இரத்தத் துளியில் எழும் மின்னோட்டத்தை அளக்கிறது. பெட்டியின் மேலுள்ள பெயரில் பாதி ஒன்றாக இருப்பதை நம்பி, மகனையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ அனுப்பி வாங்கிவரச் சொல்பவர்கள் தவறான பட்டையோடு நிற்கிறார்கள். குப்பியின் முத்திரையைப் பிரித்துவிட்டால் எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். ஒரு முகாமில் இலவசமாகக் கிடைத்த கருவியை முதலில் கொண்டுவந்தார். அதோடு வந்த பத்துப் பட்டைகள் தீர்ந்திருந்தன. "இதுக்கு ஸ்ட்ரிப் வேணும் தம்பி" என்று அவர் மேசைமேல் வைத்த அந்தக் கருவிக்கு எங்கள் ஊரில் எந்தக் கடையிலும் பட்டை இல்லை. மொத்த விற்பனையாளரிடம் கேட்டபோது அந்த வகையே இப்போது வருவதில்லை என்றார். அடுத்ததாக, தள்ளுபடியில் கிடைத்தது என்று வேறொரு கருவியை அவராகவே வாங்கினார். அதற்குப் பட்டை உண்டு. ஆனால் மாவட்டத் தலைநகரில் ஒரே கடையில் மட்டும், அதுவும் சொல்லிவைத்தால்தான் கிடைக்கும். மூன்றாவது கருவியைச் சிங்கப்பூரிலிருந்து மகள் கொண்டுவந்தாள். அங்கே சர்க்கரையை மில்லிமோல் அலகில் குறிப்பார்கள். நம் நாட்டில் மி.கி./டெ.லி. (ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்) அலகு. முதல் நாள் காலையில் திரையில் 7.8 என்று காட்டியதும், சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று பயந்து ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டார். 7.8ஐ 18ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 140. அவர் குடித்திருக்கவே வேண்டியதில்லை. மகள் ஊருக்குத் திரும்பிய பிறகு அந்தக் கருவிக்கும் இங்கே பட்டை கிடைக்கவில்லை. மூன்று கருவிகள் அலமாரியில் இருந்தும், மருத்துவர் கேட்ட நாளில் அவரிடம் காட்டுவதற்கு ஒரு வாரக் கணக்குக்கூட இருக்கவில்லை.

அன்போடு கொண்டுவரும் பொருளை வேண்டாமென்று சொல்லச் சொல்லவில்லை. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் கருவி வாங்குவதற்குப் பதிலாக, உள்ளூரில் கிடைக்கும் பட்டைக்கு மாதாமாதம் பணம் அனுப்பினால் பெற்றோருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை.

ஆகவே வரிசையைத் திருப்புங்கள். முதலில் உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய இரண்டு கடைகளுக்குச் சென்று, அவர்கள் எப்போதும் இருப்பில் வைத்திருக்கும் பட்டை எது என்று கேளுங்கள். இரண்டு கடையிலும் ஒரே பெயரைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. பிறகு அந்தப் பட்டையின் விலையைப் பெட்டிக்கு அல்ல, ஒன்றுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள். அந்தப் பட்டைக்குரிய கருவியைக் கடைசியாக வாங்குங்கள். 50 பட்டைகளோடு சேர்த்துக் கருவியைக் குறைந்த விலையில் தரும் பெட்டிகளும் உண்டு. பட்டையை முடிவு செய்த பிறகு அவற்றை வாங்குவது நல்லதுதான். கருவியின் முழுப் பெயரும் பட்டைக் குப்பியும் தெரியும்படி ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொண்டால், யாரை அனுப்பினாலும் சரியான பட்டை வந்து சேரும்.

கடைக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: தொடர்ந்து வரவழைத்துத் தர முடியாத பட்டைக்குரிய கருவியை, எவ்வளவு இலாபம் கிடைத்தாலும், முதல்முறை வாங்குபவரிடம் விற்காதீர்கள்.

எத்தனை பட்டை வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்காமல் வருவது

இரண்டாம் வகை நீரிழிவு உள்ள எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை கிடையாது. மெட்பார்மின் மட்டும் சாப்பிடுபவருக்கு அந்த மாத்திரையால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்குவது அரிது. நோய் கட்டுக்குள் இருந்தால் அவர் தினமும் விரலைக் குத்திக்கொள்ள வேண்டிய தேவை பெரும்பாலும் இராது. கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுபவர்கள், இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் ஆகியோரின் நிலை வேறு. அவர்களுக்குச் சர்க்கரை 70க்குக் கீழே போகலாம். வேர்த்து, கை நடுங்கும் நேரத்தில் உடனே பார்க்கப் பட்டை இருக்க வேண்டும். நடைமுறையில் தலைகீழாக நடக்கிறது. தேவை குறைந்தவர் ஆர்வத்தில் ஒரு நாளைக்கு நான்கு முறை பார்த்து, இரண்டு மாதத்தில் செலவு கட்டுப்படியாகாமல் கருவியையே மூடி வைத்துவிடுகிறார். தேவை கூடியவர் பட்டையை மிச்சம்பிடிக்க, உடம்பு சரியில்லாத நாளிலும் விரதம் இருக்கும் நாளிலும் பார்க்காமல் விடுகிறார்.

மருந்துச்சீட்டு எழுதும்போதே "வாரத்துக்கு எத்தனை முறை, எந்த நேரத்தில்?" என்று கேட்டு, அதையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். குறைவான பட்டைகளைக் கொண்டு அதிகம் தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. ஒரே வேளைச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்குச் சற்று முன்னும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்ப்பது. ஒரு வாரம் இட்லி, அடுத்த வாரம் மதியச் சாதம் என்று மாற்றி மாற்றிப் பார்த்தால், எந்த உணவு எவ்வளவு ஏற்றுகிறது என்பது சில பட்டைகளிலேயே தெரிந்துவிடும். தினமும் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து முப்பது பட்டைகளைச் செலவழிப்பவருக்கு இது தெரிவதில்லை. மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி சோதனை இருக்கும்போது, அந்தச் சராசரியைப் பட்டைகளால் கண்டுபிடிக்க முயல வேண்டியதில்லை.

இன்சுலின் போடுபவர் பணமின்மையால் பட்டையைக் குறைக்க நேர்ந்தால், அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். மருந்தின் அளவை அவர் அதற்கேற்ப யோசிப்பார்.

மலிவு என்று பெரிய பெட்டியை வாங்குவது

50 பட்டைப் பெட்டி, 25 பட்டைப் பெட்டியைவிட ஒன்றுக்கு இரண்டு மூன்று ரூபாய் குறைவாக வரும். ஆனால் பெட்டியில் அச்சிட்ட காலாவதி தேதி, பல வகைகளில், மூடியைத் திறக்காத குப்பிக்குரியது. திறந்தபின் சிலவற்றுக்கு மூன்று மாதம், சிலவற்றுக்கு ஆறு மாதம், சிலவற்றுக்கு மட்டுமே அச்சிட்ட தேதி வரை ஆயுள் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை பார்ப்பவர், மூன்று மாத ஆயுளுள்ள 50 பட்டைக் குப்பியில் பதின்மூன்றைப் பயன்படுத்திவிட்டு முப்பத்தேழை வீணாக்குகிறார். சில பெட்டிகளில் 25 வீதம் இரண்டு குப்பிகள் இருக்கும். அப்படிக் கேட்டு வாங்குங்கள். திறந்த நாளைக் குப்பியின் மேல் பேனாவால் எழுதிவிடுங்கள்.

பட்டை கெடுவதற்கு முதல் காரணம் ஈரம். அதனால்தான் குப்பிக்குள் ஈரத்தை உறிஞ்சும் பொருளை வைத்திருக்கிறார்கள். பட்டைகளை எடுத்து எவர்சில்வர் மாத்திரை டப்பாவில் அடுக்கிவைத்து, "அளவு ஏறியிறங்கிக் காட்டுகிறது, கருவி கெட்டுவிட்டது" என்று ஓர் அம்மா கொண்டுவந்தார். கருவியில் எந்தக் குறையும் இல்லை. புதுக் குப்பியின் பட்டையில் அது சரியாகவே காட்டியது. குளிர்சாதனப் பெட்டியும் கூடாது. வெளியே எடுக்கும்போது ஈரம் படியும். பெரும்பாலான பட்டைகளுக்கு 30 டிகிரி செல்சியஸ் வரைதான் சேமிப்பு வெப்பம் சொல்லப்பட்டிருக்கிறது என்பதால், சித்திரை வெயிலில் நிற்கும் வண்டியின் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போவதும் கூடாது. வீட்டில் வெயில் படாத அலமாரியின் கீழ்த்தட்டு போதும்.

இணையத் தள்ளுபடி

காலாவதிக்கு இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று சொல்லாத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். வெளிப்பெட்டியிலும் குப்பியிலும் தொகுதி எண் (பேட்ச் நம்பர்) ஒன்றாக இருக்க வேண்டும். மாறுபட்டால் பிரிக்காமல் திருப்பி அனுப்புங்கள்.

ஆய்வக அளவோடு ஒத்துப்போகவில்லை என்று கருவியை மாற்றுவது

ஆய்வகத்தில் 152, வீட்டில் 165. இந்த வேறுபாட்டுக்காகப் புதுக் கருவி வாங்கியவர்கள் பலர். வீட்டுக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 15197:2013 தரம், சர்க்கரை 100ம் அதற்கு மேலும் இருக்கும்போது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அளவீடுகள் ஆய்வக அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்குள்ளும், 100க்குக் கீழே 15 மி.கி.க்குள்ளும் இருந்தால் போதும் என்கிறது. ஆகவே 152க்கு 165 என்பது சரியான அளவுதான். ஒப்பிட விரும்பினால், வெறும் வயிற்றில், ஆய்வகத்தில் இரத்தம் எடுத்த உடனேயே விரல் நுனியிலும் பாருங்கள். சாப்பிட்ட பிறகு விரல் இரத்தத்தில் சர்க்கரை சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இரத்தச்சோகை உள்ளவர்களுக்குக் கருவி உண்மையைவிடக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதை மருத்துவரிடம் நினைவுபடுத்துங்கள்.

பேட்டரி தீர்ந்த கருவியைத் தூக்கிப்போடுவது

கடிகாரக் கடையில் பேட்டரி கிடைக்கும்.

லான்செட்டையும் (விரலைக் குத்தும் ஊசி) குத்தும் பேனாவையும் பகிர்ந்துகொள்வது

கூடாது. கணவன் மனைவிக்குள்ளும் கூடாது.

இலவசமாகக் கிடைப்பதைக் கேட்காமல் விடுவது

வசதி இல்லாதவர்கள் கடன் வாங்கிக் கருவி வாங்குவதைப் பார்க்கும்போது மனம் கனக்கிறது. தமிழ்நாட்டில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் சர்க்கரைப் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து, மருத்துவர் எழுதிய மாத்திரைகளையும் தருகிறார்கள். மெட்பார்மின் மட்டும் சாப்பிட்டு நோயைக் கட்டுக்குள் வைத்திருப்பவருக்கு, அந்த மாதாந்திரப் பரிசோதனையும் அவ்வப்போது எச்பிஏ1சியும் போதுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். போதும் என்றால் கருவியே தேவையில்லை.

வீட்டில் கட்டாயம் பார்த்தே ஆக வேண்டியவர்கள், மாத்திரைச் செலவைக் குறைத்து அந்தப் பணத்தைப் பட்டைக்கு ஒதுக்கலாம். மக்கள் மருந்தகங்களிலும், 2025 பிப்ரவரி 24 அன்று மாநிலம் முழுவதும் 1,000 இடங்களில் திறக்கப்பட்ட முதல்வர் மருந்தகங்களிலும் பொதுப்பெயர் (ஜெனரிக்) மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை நீட்டிப் பட்டை கேட்பவர்களும் உண்டு. அந்த அட்டை மருத்துவமனையில் பெறும் சிகிச்சைக்கானது, வீட்டில் பயன்படுத்தும் பட்டைக்கு அது செல்லாது.

ரசீது வாங்காமல் போவது

குளுக்கோமீட்டருக்கும் பட்டைக்கும் இருந்த சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்தது. அதற்கு முன் அச்சிட்ட விலையோடு பழைய இருப்பு கைக்கு வந்தால், ரசீதில் எந்த வரி போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அறுபது வயதைக் கடந்து, மருத்துவக் காப்பீடு எதுவும் இல்லாதவர்கள், பழைய வருமான வரி முறையில் இருந்தால் ஆண்டுக்கு 50,000 ரூபாய் வரை மருத்துவச் செலவைக் கழித்துக் காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்த பணம் அந்தக் கணக்கில் வராது என்பதால், கைப்பேசி வழியாகவோ அட்டை மூலமாகவோ பணம் செலுத்தி, நோயாளியின் பெயரில் ரசீது எழுதச் சொல்லி, மருந்துச்சீட்டின் நகலோடு சேர்த்து வையுங்கள்.