ஃப்ரீ டிஷ் நிகழ்ச்சிகளைத் தரம் குறையாமல் பதிவு செய்ய

செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ வயரைக் கேப்சர் கார்டில் (வரும் படத்தைக் கணினியில் பதிவு செய்ய உதவும் கருவி) சொருகிப் பதிவு செய்பவர்கள்தான் அதிகம், தரம் போவதும் அங்கேதான். படம் ஒளிபரப்பாகும்போதே எம்பெக்-2 அல்லது எம்பெக்-4 முறையில் சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. பாக்ஸ் அதை விரிக்க, கேப்சர் கார்டு திரும்பவும் சுருக்க, கடைசியில் வேகமாக அசையும் காட்சிகளெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரியும். டிஷ்ஷில் இறங்கும் பிட்டுகளை அப்படியே கோப்பில் எழுதிக்கொண்டால் இந்த வேலையே இல்லை.

இதற்கு வாகானது தூர்தர்ஷனின் இலவச டிடிஎச் சேவையான டிடி ஃப்ரீ டிஷ். 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து வருகிறது, பெரும்பாலான சேனல்களுக்குப் பூட்டு கிடையாது. கட்டண டிடிஎச்சில் பதிவு செய்தால் அது வழக்கமாக அந்த பாக்ஸில் மட்டும்தான் ஓடும், அதை விட்டுவிடுங்கள்.

பாக்ஸில் யூஎஸ்பி பதிவு வசதி இருந்தால் ஒரு பென்டிரைவ் போதும். ஆனால் ஃபேட்32 ஃபார்மேட்டில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. விநாடிக்கு 4 மெகாபிட் வரும் சேனல் ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி பிடிக்கும், அதனால் மூன்று மணி நேரப் படம் நடுவில் துண்டாகும், சில பாக்ஸ்களில் பதிவே நின்றுவிடும்.

கணினி இருந்தால் டிவிபி-எஸ்2 டியூனர் (டிஷ் சிக்னலை நேரடியாகக் கணினிக்குள் வாங்கும் கருவி) ஒன்று வாங்கி, லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற பதிவு மென்பொருளைப் போட்டு, பதிவு புரொஃபைலில் 'பாஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், வருவதை மாற்றாமல் டிஎஸ் கோப்பாக (ஒளிபரப்பு வரும் அதே வடிவம்) எழுதிவிடும். ஒரே எல்என்பியிலிருந்து (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கும் தலைப்பகுதி) ஸ்ப்ளிட்டர் போட்டு பாக்ஸுக்கும் டியூனருக்கும் பிரிக்காதீர்கள். டியூனர் அனுப்பும் 13 வோல்ட், 18 வோல்ட்டை வைத்துத்தான் எல்என்பி போலரைசேஷனை (அலை நெட்டாக வருகிறதா, கிடையாக வருகிறதா என்பதை) மாற்றுகிறது, இரண்டு கருவி இரண்டு விதமாகக் கேட்டால் ஒன்றுக்குப் படம் வராது. தனித்தனியாக இயங்கும் இரண்டு அவுட்புட் உள்ள இரட்டை எல்என்பி வாங்கிவிடுங்கள்.

அப்புறம் மழை. டிடிஎச் வரும் கேயூ பேண்ட் என்ற அலைவரிசையின் சிக்னல் கனமழையில் தடுமாறும், நேரடியாகப் பார்க்கும்போது ஒரு நொடி உறைந்து போகும் படம், பதிவில் நிரந்தரமாக உடைந்தே கிடக்கும், எந்த மென்பொருளாலும் விட்டுப்போன பாக்கெட்டைக் கொண்டுவர முடியாது. அதனால் டிஷ்ஷைத் திருப்பும்போது சிக்னல் பலத்தை விட 'குவாலிட்டி' எண்ணைப் பாருங்கள், வெயில் நாளிலேயே அது மட்டமாக இருந்தால் ஐப்பசியில் பதிவு செய்வது வீண்.

விளம்பரங்களை வெட்ட லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருள் போதும், கீஃப்ரேமில்தான் (முழுப் படமாகச் சேமிக்கப்பட்ட ஃப்ரேம்) வெட்டும் என்பதால் முன்பின் அரை நொடி ஒட்டிக்கொண்டு வரும், பரவாயில்லை. எம்கேவியாக மாற்றுவதும் வெறும் உறை மாற்றம்தான், தரம் குறையாது. ஆனால் 'எம்பி4 கன்வெர்ட்டர்' என்று வரும் மென்பொருள்களில் பெரும்பாலானவை மறுபடி சுருக்குபவை, அந்தப் பக்கமே போகாதீர்கள். பழைய எஸ்டி சேனல்களில் அசைவுகளின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் பதிவு கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அது இன்டர்லேஸ் படம், அதாவது ஒரு வரி விட்டு ஒரு வரியாக இரண்டு பாதியாய் அனுப்பப்படுவது, விஎல்சியில் டீஇன்டர்லேஸை ஆன் செய்துவிட்டுக் கோப்பை அப்படியே வைத்திருங்கள்.