ஓபிடி: 90 நாள் வீணாகாமல் காத்த வழி

அமெரிக்காவில் எஃப்-1 விசா மாணவர், ஓபிடியில் (படித்த துறையில் வேலை செய்யத் தரும் தற்காலிக அனுமதி) வேலையில்லாமல் இருக்க மொத்தமே 90 நாள்தான். வேலை அனுமதி அட்டை கைக்கு வரும் நாள் முதல் அல்ல, அதில் அச்சான தொடக்கத் தேதியிலிருந்தே கணக்கு ஓடும். வேலை ஆஃபர் இல்லையென்றால், படிப்பு முடிந்த 60 நாளுக்குள் வரும் கடைசித் தேதியையே தொடக்கத் தேதியாகக் கேளுங்கள். நானும் அதைத்தான் கேட்டேன். ஓபிடிக்கான ஐ-765 விண்ணப்பம், கல்லூரி அதிகாரி செவிஸில் (வெளிநாட்டு மாணவர்களுக்கான அரசுப் பதிவேடு) பரிந்துரை பதிந்த 30 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். தவறினால் நிராகரிப்புதான், பணமும் போச்சு.

அப்புறமும் வேலை அமையவில்லையா? படித்த துறையில் வாரம் 20 மணி நேரமாவது செய்யும் சம்பளமில்லாத வேலையும் கணக்கை நிறுத்தும். முதலில் பேராசிரியரின் ஆய்வகத்தில் கேளுங்கள். சேர்ந்த தேதி, வார மணி நேரம், செய்யும் பணி மூன்றும் உள்ள கடிதம் வாங்கி, 10 நாளுக்குள் ஓபிடி மாணவர் வேலை விவரம் பதியும் SEVP போர்ட்டலில் பதியுங்கள். பதியாதவரை செவிஸில் நாள் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படித்தவர்களுக்கான ஓபிடி நீட்டிப்புக்கு மட்டும் இந்த வழி செல்லாது. அங்கே சம்பளம் கட்டாயம்.