ஜான் கார்பென்டரின் திகில் பட பிஜிஎம்: ஒப்பிட்டுக் கேட்கப் பழகுவது எப்படி?

"இந்த ஆள் எல்லாப் படத்துக்கும் ஒரே மியூசிக்தான் போடுவார்" என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். எது ஒரே மாதிரி, ஏன் ஒரே மாதிரி என்று திருப்பிக் கேட்டால்தான் திணறுவோம். அதைக் காதால் பிடிக்கப் பழக, அமெரிக்க இயக்குநர் ஜான் கார்பென்டரின் சின்ன பட்ஜெட் படங்கள் நல்ல பாடம். படத்தை இயக்கி, இசையும் தானே போட்டவர். கையில் இருந்த காசுக்குக் கிடைத்ததிலேயே வேகமான, மலிவான இசையமைப்பாளர் தான்தான் என்று அவரே எழுதியிருக்கிறார். உங்களுக்கு இசை படித்திருக்க வேண்டும் என்பதில்லை. அவருக்கே நொட்டேஷன் எழுதப் படிக்கத் தெரியாது.

தேவையானவை: ஒரு நோட்டு, ஒரு ஹெட்போன். போன் ஸ்பீக்கர் வேண்டாம். இந்த இசையில் பாதி அடி ஸ்வரத்தில்தான் இருக்கிறது, அது ஸ்பீக்கரில் காணாமல் போய்விடும். படங்கள் நான்கு: அஸால்ட் ஆன் பிரிசிங்ட் 13 (1976), ஹாலோவீன் (1978), தி ஃபாக் (1980), பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ் (1987). முதலாவது திகில் படமல்ல, த்ரில்லர். ஆனாலும் விடாதீர்கள், விதை அங்கேதான் இருக்கிறது.

படி 1: ஹாலோவீன் டைட்டிலை வாயால் எண்ணுங்கள்

படம் பார்க்க வேண்டாம், டைட்டில் இசை போதும். பியானோ ஓடும்போது கூடவே சொல்லுங்கள்: தகிட தகிட தக தக. 3+3+2+2, மொத்தம் பத்து. இரண்டிரண்டாகச் சேர்த்தால் மேற்கத்திய கணக்கில் ஐந்தடி தாளம். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் மேல் ஸ்வரம் விழும். மற்ற எழுத்துகளுக்கெல்லாம் ஒரே கீழ் ஸ்வரம். கடைசி 'தக'வில் மட்டும் அந்த மேல் ஸ்வரம் அரைக் கட்டை (பியானோவில் ஒட்டியிருக்கும் அடுத்த கட்டைக்கு) ஏறும். நாலைந்து சுற்று சொன்னால் புரியும்: நாலடிக்குப் பழகிய நம் உடம்பு 'இதோ முடிந்தது' என்று நினைக்கிற இடத்தில் இது முடிவதில்லை. பிறகு மொத்தச் சுற்றும் அப்படியே அரைக் கட்டை கீழே இறங்கும். வேறு எதுவும் மாறாது. இவ்வளவுதான் சரக்கு! இந்த ஐந்தடியைச் சிறுவயதில் கார்பென்டருக்கு அவருடைய அப்பா பாங்கோ என்னும் கைமேளத்தில் தட்டச் சொல்லிக்கொடுத்தாராம்.

படி 2: மற்ற மூன்றையும் பக்கத்தில் வையுங்கள்

புதிதாகக் கேட்பவர்கள் இங்கே மெட்டைத் தேடுவார்கள். தேடாதீர்கள், மெட்டு ஒத்துப்போகாது. ஐந்தடியும் மற்றதில் வராது. அஸால்ட்டில் சின்தசைசர் பேஸ் (அடி ஸ்வர வரிசை) ஒன்று சாதாரண நாலடியில் விடாமல் சுற்றும். ஃபாக்கில் மறுபடி பியானோ வரும், ஆனால் நிதானமாக, அடியில் ஒரு நீண்ட ஒலியோடு. பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸில் காட்சிகளுக்கு நடுவே பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். அந்த நீண்ட டைட்டில் முழுக்க இசையின் துடிப்பு நிற்காது.

நோட்டில் எழுத வேண்டியது: குட்டித் துணுக்கு, அது பாட்டாக மலராமல் சுற்றிக்கொண்டே இருப்பது, அடியில் நீண்டு நிற்கும் ஒரு ஸ்வரம். கார்பென்டரின் கையெழுத்து இதுதான்.

ஒரு எச்சரிக்கை. ஃபாக்கில் கலங்கரை விளக்கத்து வானொலி நிலையத்திலிருந்து ஜாஸ் இசை ஓடும். அது கதைக்குள் இருக்கும் இசை, கணக்கில் சேர்க்க வேண்டாம்.

படி 3: எங்கே நுழைகிறது, எங்கே நிற்கிறது?

ஹாலோவீனில் ஏதாவது பத்து நிமிடம் எடுத்துக்கொண்டு இசை தொடங்கும், நிற்கும் நேரங்களைக் குறியுங்கள். அதற்கு நடுவில் நடிகரின் ஒவ்வொரு அசைவுக்கும் இசை வளைந்து கொடுக்காது. காரணம் உண்டு: படத்தைத் திரையில் ஓடவிட்டு வாசித்ததல்ல அது. ஸ்டுடியோவில் தனியாக வாசித்துப் பதிவுசெய்து, பிறகு காட்சிகள்மேல் வைத்தார்கள். முகமூடி போட்ட கொலைகாரன் நடந்து வருகிறான், இசை அவனைக் கண்டுகொள்ளாமல் தன்பாட்டுக்கு ஓடுகிறது. எனக்கு அந்த அலட்சியம்தான் பயம். திடுக்கிடல்களுக்கு மட்டும் சுள்ளென்று ஒரு சின்தசைசர் கீறல் தனியாக விழும்.

எஸ்கேப் ஃப்ரம் நியூயார்க் (1981) முதல் ஆலன் ஹவர்த் இசையில் கார்பென்டரோடு கூட்டு சேர்ந்தார். அதன்பின் வீடியோவைப் பார்த்தபடியே வாசித்தார்கள். அதனால் பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸில் அதே பத்து நிமிடச் சோதனையைச் செய்து, இரண்டு பட்டியலையும் ஒப்பிடுங்கள்.

படி 4: பணத்தைக் கணக்கில் எடுங்கள்

ஹாலோவீனின் செலவு சுமார் 3 லட்சம் டாலர். ஆர்கெஸ்ட்ராவுக்கு வழியில்லை. இசைக்கு 'பௌலிங் கிரீன் ஃபில்ஹார்மானிக்' என்று டைட்டிலில் பெயர் போட்டிருப்பார்கள். அப்படியொரு குழுவே கிடையாது, பௌலிங் கிரீன் கார்பென்டர் வளர்ந்த ஊர். ஓரிருவர் கீபோர்டில் அடுக்கடுக்காகப் பதிவுசெய்தால் சுற்றும் துணுக்கும் நீண்ட ஸ்வரமும்தான் இயல்பாக வரும். ஆக, ஒற்றுமையில் ஒரு பங்கு ரசனை, ஒரு பங்கு வசதிக்குறைவு. எதெல்லாம் 'பணம் இல்லாததால்' வந்தது என்று நோட்டில் எழுதுங்கள்.

படி 5: இப்போது உங்கள் முடிவையே சோதியுங்கள்

தி திங் (1982) கேளுங்கள். சுமார் ஒன்றரைக் கோடி டாலர் படம். இயக்கம் கார்பென்டர், இசை என்னியோ மோரிகோனி. அந்த இதயத் துடிப்பு மாதிரியான பேஸை யார் பெயரும் சொல்லாமல் போட்டுக் காட்டினால் பலரும் கார்பென்டர் என்றுதான் சொல்வார்கள். பணமும் வந்துவிட்டது, ஆளும் மாறிவிட்டார், ஒலி மட்டும் மாறவில்லை. அப்படியானால் படி 4-இல் 'பணம் இல்லாததால்' என்று எழுதிய வரிகளில் எவை நிற்கும், எவை நிற்காது என்று பென்சிலால் அடித்துத் திருத்துங்கள்.