கடலை போடுவான், கல்யாணம் என்றால் கம்பி நீட்டுவான்: இந்த நாயகனை எழுதுவது எப்படி?

காதல் தொடர்கதை எழுத ஆரம்பிப்பவர்கள் பலர் முதலில் கை வைப்பது இவன் மேல்தான். கலகலப்பானவன், எல்லாப் பெண்களிடமும் கடலை போடுவான், கல்யாணப் பேச்சை எடுத்தால் ஆளைக் காணோம். எழுத எளிதாகத் தெரியும். ஆனால் மூன்றாம் அத்தியாயத்திலேயே வாசகருக்குச் சலித்துவிடும். 'அவன் பேச்சில் யாரும் மயங்குவார்கள்' என்று எழுதிவிட்டு, அந்தப் பேச்சை எழுதாமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் காரணம்.

பயிற்சிக்கு ஒருவனை வைத்துக்கொள்வோம். பெயர் வருண், வயது 31, ஊர் கோவை.

படி 1: சாக்குச் சொல்ல வசதியான தொழில்

வருண் கல்யாண போட்டோகிராபர். வாரா வாரம் அடுத்தவர் கல்யாணத்தில் நிற்கிறவன், தன் கல்யாணத்தை மட்டும் தள்ளிப்போடுகிறான். 'முகூர்த்த சீசன், மூச்சுவிட நேரமில்லை' என்றால் யாரும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை, சாக்கும் இல்லை. நாயகி நேருக்கு நேர் கேட்கிற காட்சியை அந்த மாதத்தில் வையுங்கள். தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதே இப்படி ஓர் ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள்.

படி 2: கவர்ச்சியைக் கவனிப்பில் காட்டுங்கள்

'நீங்க பொண்ணைவிட அழகா இருக்கீங்க' என்பதை வாசகர் ஆயிரம் முறை கேட்டாயிற்று. பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள். மணப்பெண்ணின் தங்கை மீரா விடியற்காலையிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறாள். வருண் கேமராவை இறக்கிவிட்டுச் சொல்கிறான்: "கடைசிப் பந்தி ஆரம்பிச்சாச்சுங்க. போய்ச் சாப்பிட்டு வாங்க. நீங்க வர்ற வரைக்கும் குரூப் போட்டோ எடுக்க மாட்டேன்."

சாப்பிட்டுத் திரும்பி வரும்போது, ஓரமாக உட்கார்ந்திருக்கும் பாட்டியிடம் அவன் அதே அக்கறையோடு குனிந்து பேசிக்கொண்டிருப்பதை மீரா பார்க்கிறாள். நல்ல மனுஷன் என்று தோன்றுகிறது. தனக்கு மட்டும் தனியாக எதுவும் கிடைக்கவில்லை என்றும் உறைக்கிறது. கதைக்கு வேண்டிய பிரச்சினை அங்கேயே கிடைத்துவிட்டது.

ஒரு விஷயத்தில் நான் கறார். அவள் முகம் சுளித்தால் அவன் விலகத் தெரிந்தவனாக இருக்க வேண்டும். வேண்டாம் என்ற பிறகும் பின்னாலேயே போகிறவன் வேறு ரகம். பெண்களைச் சீண்டுவதைத் தடுக்க தமிழ்நாட்டில் 1998-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் கதைகளில் இன்னும் சிலர் அதற்குக் காதல் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

படி 3: நழுவலை வசனத்தில் எழுதுங்கள்

"ஞாயித்துக்கிழமை அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டாங்க."

"அம்மா சமையல்னா கேக்கணுமா! மீன் குழம்பு உண்டா?"

"வர்றீங்களா?"

"அது இருக்கட்டும், ஆல்பத்துல உங்க பாட்டி எப்படி வந்திருக்காங்க பார்த்தீங்களா?"

அவன் பொய் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. முதல் பதிலில் சிரிக்க வைத்தான், அடுத்ததில் பேச்சை மாற்றினான். கதை முழுக்க அவன் வாயில் ஒரு தேதிகூட வரக் கூடாது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

படி 4: காரணம்

பழைய காதலி ஏமாற்றிய ஃப்ளாஷ்பேக் வேண்டாம். வருண் எடுத்த ஆல்பம் ஒன்று குடும்ப நல நீதிமன்றத்தில் ஆதாரமாகப் போயிருக்கிறது, அவ்வளவு போதும். அதையும் அவனே உட்கார்ந்து விளக்கக் கூடாது. உதவியாளன் பேச்சுவாக்கில் உளறட்டும்.

படி 5: வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள்

இதற்கு நம்மிடம் பழைய பாடம் இருக்கிறது. சங்கப் பாடல்களில் ஊடலைப் பாடும் மருதத் திணையின் தலைவனே இந்த ரகம்தான். குறுந்தொகை 8-ஆம் பாட்டில் ஆலங்குடி வங்கனார் அவனைப் பற்றிப் பரத்தையைப் பேச வைக்கிறார். வயலோர மாமரத்தின் பழம் தானாக விழ, குளத்து வாளை மீன் அதைக் கவ்வும் ஊர்க்காரன் அவன். எங்கள் வீட்டில் பெரிய பேச்சுப் பேசினான். தன் வீட்டிலோ கையையும் காலையும் தூக்கத் தூக்கும் கண்ணாடியில் தெரியும் பாவை மாதிரி, மகனைப் பெற்றவள் விரும்புவதையெல்லாம் செய்கிறான் என்கிறாள். ஒரே ஆள், இரண்டு வீடு, சில வரிகள். எந்த வர்ணனையாலும் இதைச் செய்ய முடியாது.

வருணையும் அவன் அம்மா முன்னால் ஒரு அத்தியாயம் உட்கார வையுங்கள். மண்டபத்தில் வாய் ஓயாதவன், ஜாதகக் கட்டை எடுத்ததும் சார்ஜரைத் தேடிக்கொண்டு எழுந்து போகட்டும்.

படி 6: திருப்பம்

மழையில் நனைந்து காதலைச் சொல்வதெல்லாம் வேண்டாம். தொல்காப்பியம் ஊடல் தீர்க்கத் தூது போகிற வாயில்களாகத் தோழி, பாணன் என்று பன்னிரண்டு பேரைச் சொல்கிறது. வருணும் முதலில் நண்பனை அனுப்பட்டும், மீரா திருப்பி அனுப்பட்டும். அப்புறம் அவனே தேதியோடு வரட்டும். தை மாதம், ஞாயிறும் முகூர்த்தமும் சேர்ந்த நாள். போட்டோகிராபருக்கு அதைவிட வருமானமுள்ள நாள் கிடையாது. அன்றைக்கு வந்த புக்கிங்கை ஏற்காமல், "அன்னிக்கு மதியம் சாப்பிட வர்றேன்" என்கிறான்.

அந்தச் சாப்பாட்டுக் காட்சியை இன்றே எழுதிப் பாருங்கள். மீராவின் அம்மா எடுத்த எடுப்பிலேயே கல்யாணம் எப்போது என்று கேட்கட்டும். பதில் சொன்ன பிறகு அவன் ஜோக் அடிக்கலாம், அதற்கு முன்னால் கூடாது.