இறுகாத மாட்டிறைச்சி, குழையாத தோஃபு தோல்: என் அனுபவம்

வேலை முடிந்து வீடு திரும்பும் நாள்களில் விரைவாகச் சமைத்துவிடலாம் என்று நம்பித் தொடங்கிய மாட்டிறைச்சி, தோஃபு தோல் (உலர்ந்த சோயாப் பால் ஆடை) பிரட்டல், முதல் மூன்று முறையும் என்னை ஏமாற்றியது. இறைச்சி ரப்பரைப் போல இழுத்தது. கொதிநீரில் ஊறவைத்த தோலோ மேலே குழைந்து, நடுவில் விறைப்பாகவே இருந்தது.

சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் நான் வழக்கமாக வாங்கும் இறைச்சிக் கடைக்காரர், "நாரு போற பக்கமா வெட்டாதீங்கம்மா, குறுக்க வெட்டுங்க" என்றார். பிழையின் பாதி அங்கேதான் இருந்தது. இறைச்சியை அரை மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால், கத்தி வழுக்காமல் மெல்லிய துண்டுகளாக வெட்ட முடிகிறது. 300 கிராம் இறைச்சியில் கால் தேக்கரண்டி சமையல் சோடாவைப் பிசறி, 15 நிமிடம் கழித்துக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்துச் சோயா சாஸும் சோள மாவும் சேர்க்கிறேன். சோடாவின் காரத்தன்மையால் புரத இழைகள் சூட்டில் இறுகப் பின்னிக்கொள்வதில்லை. அளவு மிஞ்சினால் சோப்பு வாடை வந்துவிடும்.

சோயாப் பாலைச் சூடாக்கும்போது மேலே படரும் ஆடையை உலர்த்தியதே தோஃபு தோல் என்பதால், அதற்குக் கொதிநீர் ஆகாது. காலையிலேயே குளிர்நீரில் அமிழ்த்தி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிடுகிறேன். மாலையில் அது உடையாமல் வளைகிறது.

குவாலியில் (அகன்ற வாணலியில்) புகை எழும்பிய பிறகே இறைச்சியை இரண்டு தவணையாகப் போடுகிறேன், ஏனெனில் மொத்தமாகக் கொட்டினால் சூடு தணிந்து நீர் விட்டுவிடும். நிறம் மாறியதும் அதை எடுத்து வைத்து, இஞ்சி, பூண்டு, தோல் ஆகியவற்றை வதக்கி, கடைசியில் இறைச்சியோடு மிளகுத்தூளையும் சேர்த்துப் புரட்டுகிறேன். பல் வலியால் இறைச்சியைத் தவிர்த்துவந்த அம்மா, சென்ற வாரம் இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.