பழைய பத்திரம் ஸ்கேன்: மறுபக்க எழுத்து நிழலாக விழுந்தால்

இருபக்கமும் எழுதிய பழைய கிரயப் பத்திரங்களை ஸ்கேன் செய்தபோது, பின்பக்க எழுத்து முன்பக்கத்தில் நிழலாகத் தெரிந்தது. காரணம், ஸ்கேனர் மூடியின் வெள்ளை அடிப்பரப்பு. தாளை ஊடுருவிய ஒளியை அது திருப்பி அனுப்புகிறது. தாளுக்குப் பின்னால் கறுப்புச் சார்ட் அட்டை வைத்ததும் நிழல் பெரும்பாலும் போய்விட்டது.

கறுப்பு-வெள்ளை முறை வேண்டவே வேண்டாம். மங்கிய மை, முத்திரை, கைநாட்டு ரேகை எல்லாம் அதில் அழிந்துபோகும். 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) கிரேஸ்கேல் போதும்; இதில் கறுப்பு, வெள்ளையோடு இடைப்பட்ட சாம்பல் நிறங்களும் பதியும்: ஏ4 அளவுக்கு 2480×3508 புள்ளிகள், சுருக்காமல் சுமார் 8.7 எம்பி. கலரில் மூன்று மடங்கு. முத்திரைத்தாளின் முதல் பக்கத்துக்கு மட்டும் கலர் போதும். 600 டிபிஐ பொடி எழுத்துக்கே தேவை.

மூலத்தை டிஃப் (TIFF, தரம் குறையாமல் சேமிக்கக்கூடிய பட வடிவம்) கோப்பாகவே வைத்திருங்கள். அனுப்ப வேண்டிய பிடிஎஃப்பை ஒவ்வொரு முறையும் அதிலிருந்தே எடுங்கள். ஜேபெக் (JPEG) சுருக்கும்போது தரத்தை இழக்கும் வடிவம்; அதை மறுபடி மறுபடி சுருக்கினால் முதலில் கரைவது மெய்யெழுத்தின் புள்ளிதான்.