ஊரின் பேய்க்கதைகளைக் கேட்டு எழுதி வைப்பது எப்படி

ஒவ்வொரு ஊரிலும் ஒரு பாழுங்கிணறோ, ஒற்றைப் புளியமரமோ, ஆற்றுக்குப் போகும் வழியில் ஒரு திருப்பமோ இருக்கும். உச்சிவேளையிலும் விளக்கு வைத்த பிறகும் அந்த இடத்தைத் தனியாகக் கடக்கக் கூடாது என்று சொல்லியே அங்குள்ள பிள்ளைகளை வளர்த்திருப்பார்கள். ஏன் கடக்கக் கூடாது என்பதை முழுமையாகச் சொல்லத் தெரிந்தவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். கிணற்றைத் தூர்த்து அதன்மேல் மனை போட்டுவிட்டால் கதையும் மண்ணோடு போய்விடும். தாமிரபரணிக் கரை ஊர்களில் இத்தகைய கதைகளைக் கேட்டு எழுதிவருபவன் என்ற முறையில், உங்கள் ஊர்க் கதைகளை நீங்களே பதிவு செய்வதற்கான வழிகளை இங்கே எழுதுகிறேன்.

முதலில், பேய் உண்டா இல்லையா என்ற விவாதத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் புறப்படுங்கள். அந்தக் கேள்வியோடு போனால் எதிரில் இருப்பவர் ஒன்று தற்காப்பில் இறங்குவார், அல்லது உங்களை மகிழ்விப்பதற்காகக் கதையை ஊதிப் பெரிதாக்குவார். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: அந்த இடத்தில் இறந்தது யார்? நம் ஊர்களில் உலவுவதாகச் சொல்லப்படும் உருவங்களில் பெரும்பாலானவற்றின் பின்னால் ஒரு துர்மரணம் இருக்கிறது; அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு அநியாயம் இருக்கிறது. வேறு எந்த ஏட்டிலும் ஏறாத அந்த மரணத்தை ஊர் நினைவில் வைத்துக்கொள்ளும் முறைகளில் ஒன்றாகவே பேய்க்கதையை நான் பார்க்கிறேன். அதனால்தான் இந்த வேலையைக் கவனத்தோடு செய்ய வேண்டும் என்று வற்புறுத்துகிறேன்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் எங்கள் தெருவில் வாழ்ந்த ஓர் ஆச்சி. முதல் நாள் அவர், "உச்சி நேரம் பாத்துக்கோ, தாத்தாவுக்குக் கஞ்சி கொண்டு போறேன், கெணத்து மேட்டுல ஒண்ணு நின்னுச்சு" என்று தொடங்கினார். உடனே நான், அது எந்த ஆண்டு என்று குறுக்கே கேட்டுவிட்டேன். "அது கெடக்கு" என்று சொல்லி வெற்றிலைப் பெட்டியை இழுத்துக்கொண்டார். அன்றைக்கு அதற்குமேல் ஒரு சொல்லும் வரவில்லை. பத்து நாள் கழித்துப் போய், அந்தக் கிணற்றில் விழுந்தது யார் என்று மட்டும் கேட்டேன். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு, அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, கைப்பிள்ளையோடு கிணற்றில் குதித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். அவளுடைய கல்யாணச் சேலையை அந்தக் குடும்பத்தார் இன்றும் ஒரு பெட்டியில் வைத்து ஆண்டுக்கு ஒருமுறை கும்பிடுகிறார்கள் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கிணற்று மேட்டில் நின்ற உருவமும் பெட்டிக்குள் இருக்கும் தெய்வமும் ஒரே பெண்தான். இந்தத் தொடர்பு தெரியாமல் முதல் பாதியை மட்டும் எழுதியிருந்தால் என் பதிவு வெறும் பயமுறுத்தலாகவே நின்றிருக்கும்.

பேயும் தெய்வமும் இப்படி ஒன்றாக இருப்பது நம் மரபில் புதிதன்று. திருவாலங்காட்டை அடுத்த பழையனூரின் நீலி கதையைப் பாருங்கள். முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் வணிகனாகப் பிறந்த அவனைத் தேடி, கள்ளிக்கொப்பைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவி என்று ஊரார் முன் அழுகிறாள். அவள் கண்ணீரை நம்பி வாக்குக் கொடுத்த எழுபது வேளாளர்களும், வணிகன் கொல்லப்பட்டபின் தீயில் இறங்குகிறார்கள். நாம் அன்றாடம் பயன்படுத்தும் 'நீலிக்கண்ணீர்' என்ற சொல் அந்தக் கதையிலிருந்து வந்தது. அதே நீலியின் கதை தெற்கே இசக்கியோடு இணைகிறது. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்திலுள்ள முப்பந்தலில் அவள் கோயில் கொண்டிருக்கிறாள். வேண்டிக்கொண்டவர்கள் கையில் குழந்தை ஏந்திய மண்சிலைகளை அவளுக்கு நேர்ந்து வைக்கிறார்கள். பாபநாசம் மலையிலுள்ள சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குச் செருப்பைக் காணிக்கையாக வைப்பதற்குப் பின்னாலும், பிராமண குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குடும்பத்துப் பெண்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணந்து மாண்டு, பட்டவராயனாகக் கும்பிடப்படும் முத்துப்பட்டனின் கதை இருக்கிறது. எனவே உங்கள் ஊரில் ஓர் இடத்துக்குப் பயந்தால், அதன் பக்கத்தில் யாருக்குப் பொங்கல் வைக்கிறார்கள் என்பதையும் சேர்த்து விசாரியுங்கள். வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கி வைக்க வழியோரம் நட்ட சுமைதாங்கிக் கற்களையும் விட்டுவிடாதீர்கள். பெரும்பாலும் வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்களின் நினைவாக நடப்பட்டவை அவை; சிலவற்றில் பெயரும் ஆண்டும் வெட்டப்பட்டிருக்கும்.

அடுத்தது சொற்கள். பெரியவர்கள் பேய் என்ற சொல்லை நேராகச் சொல்வது அரிது. காத்துக் கருப்பு, சேட்டை, வாதை, 'அது', 'ஒண்ணு' என்றுதான் பேச்சு போகும். காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பற்றி, "பயந்திருக்கான்" என்று மட்டும் சொல்வார்கள். முனி பாய்ச்சல் என்றால் முனி போய்வரும் தடம் என்று பொருள். அந்தத் தடத்தில் வீட்டு வாசல் அமையக் கூடாது என்பார்கள். நெஞ்சின்மேல் ஏறி அமர்ந்து அசையவிடாமல் செய்வது அமுக்குவான். ஈரநிலத்தில் தீயாகத் தோன்றி மறைவது கொள்ளிவாய்ப் பிசாசு. இவை எல்லாவற்றையும் பேய் என்ற ஒரே சொல்லில் போட்டுக் கலக்கிவிடாமல், சொன்னவர் சொன்ன சொல்லையே எழுதுங்கள். அதேபோல, பெயரில் பேய் இருப்பதெல்லாம் பேய்க்கதையும் அன்று. பேய்ப்பீர்க்கு, பேய்ப்புடல், பேய்க்கரும்பு ஆகிய பெயர்களில் அந்தச் சொல் காட்டுத்தன்மையையும் கசப்பையும் குறிக்கிறது. இராமேசுவரத்தில் அப்துல் கலாமின் நினைவிடம் அமைந்துள்ள பேய்க்கரும்பு என்ற ஊர்ப்பெயரைக் கேட்டதும் அங்கே பேய் தேடத் தொடங்கக் கூடாது.

கேட்கப் போகும் நேரத்தைச் சொல்பவரிடமே விட்டுவிடுங்கள். விளக்கு வைத்த பிறகு இந்தப் பேச்சை எடுக்கவே விரும்பாத வீடுகள் உண்டு. நான் பெரும்பாலும் பிற்பகலில், மூன்று மணிக்கு மேல் போவேன்; அப்போது பெண்கள் திண்ணையில் ஓய்வாக இருப்பார்கள். ஆண்கள் சொல்லும் கதைகளில் வழியும் வீரமும் அதிகம் இருக்கும், அவர்கள் எதிர்கொண்டு திரும்பியிருப்பார்கள். இறந்தவரின் பெயரும், அவர் என்ன சேலை கட்டியிருந்தார் என்பதும், மாமியார் என்ன சொன்னார் என்பதும் பெண்களிடம்தான் கிடைக்கும். ஆகவே இரு தரப்பையும் தனித்தனியே கேளுங்கள்.

கைபேசியே பதிவுக்குப் போதும். அனுமதி கேட்ட பிறகு, அழைப்புகள் வராதபடி விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல் வையுங்கள்; வெறும் தரையிலோ கட்டிலிலோ வைத்தால் அசைவின் ஒலி குரலை மறைத்துவிடும். தொடக்கத்தில் நாளையும் ஊரையும் நீங்களே சொல்லிவிடுங்கள். கையில் ஒரு குறிப்பேடும் இருக்கட்டும், ஏனெனில் "இம்புட்டு உசரம் இருந்துச்சு" என்று ஒருவர் சொல்லும்போது கை எவ்வளவு உயர்ந்தது என்பதைக் கைபேசி பதிவு செய்யாது. எங்கே குரல் தாழ்ந்தது, எங்கே திருநீற்றை எடுத்துப் பூசிக்கொண்டார் என்பனவும் குறிப்பேட்டுக்கு உரியவை. பதிவு முடிந்த அன்றே இரண்டு இடங்களில் படியெடுத்து வையுங்கள்.

ஆண்டைத் தெரிந்துகொள்ள வேண்டும், ஆனால் நேராகக் கேட்கக் கூடாது. கதை முடிந்த பிறகு, தெரிந்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு அளந்து பாருங்கள். தாமிரபரணிக் கரையில், 1992 நவம்பர் வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று கேட்டால் உடனே விடை கிடைக்கும். எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24 அன்று. அதுவும் எல்லா ஊர்களுக்கும் நல்ல அளவுகோல். இராமேசுவரம் பக்கம் என்றால் தனுஷ்கோடியை அழித்த புயல். 1964 டிசம்பர் 22 இரவில், பயணிகளோடு வந்த ரயிலையும் கடல் கொண்டுபோன இடம் அது. அங்கே இரவில் குரல்கள் கேட்பதாக யாரேனும் சொன்னால், அதைப் 'பேய் நகரம்' என்று விளம்பரப்படுத்துவதற்கு முன் அந்த ரயிலில் இருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஒவ்வொரு பதிவின் தலைப்பிலும் இது யாருக்கு நடந்தது என்பதைக் குறிப்பது மிக அவசியம். தனக்கே நடந்ததாகச் சொல்வது ஒரு வகை, தன் தாய்க்கோ மாமனுக்கோ நடந்ததாகச் சொல்வது இன்னொரு வகை, 'அந்தக் காலத்தில் ஒருத்தன்' என்று தொடங்குவது வேறொரு வகை. முதல் வகை பெரும்பாலும் சிறியதாகவும் முடிவில்லாமலும் இருக்கும்: ஏதோ நின்றது, திரும்பிப் பார்த்தேன், இல்லை. அந்தக் குறைவே அதன் உண்மைத்தன்மைக்கு அடையாளம் என்பதால், அதற்கு முடிவு கட்டித் தர முயலாதீர்கள். மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டக் காதையில் சார்ங்கலன் என்ற சிறுவன் சுடுகாட்டில் கூத்தாடும் பேயைக் கண்டு ஓடிவந்து, தாய் கோதமையிடம் சொல்லிவிட்டு உயிர் விடுகிறான். தாய் நியாயம் கேட்டு அழுகிறாள். பேய் உயிரைக் கொள்வதில்லை, அவனுடைய வினைதான் காரணம் என்று தெய்வம் விடை சொல்கிறது. சிறுவனின் அச்சம், தாயின் அழுகை, தெய்வத்தின் மறுப்பு ஆகிய மூன்றையும் அந்தக் காப்பியம் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறது. நாமும் அப்படியே வைக்கலாம்.

இயற்கைக் காரணம் உங்களுக்குத் தெரிந்தால் அதைத் தனிக் குறிப்பாக எழுதுங்கள்; சொன்னவரின் வாக்கியத்துக்குள் நுழைக்காதீர்கள். கனவு காணும் உறக்கத்தில் உடலின் தசைகள் செயலற்று இருக்கும். அந்த நிலை நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிட்டால், அசைய முடியாமல் நெஞ்சில் பாரத்தோடு ஓர் உருவத்தைக் காண்பது உலகெங்கும் மனிதர்களுக்கு நேர்கிறது. அமுக்குவான் அதுதான். ஓட்டுக் கூரைமேல் நள்ளிரவில் நடப்பது மரநாயாக இருக்கலாம். ஒலியே இல்லாமல் வெண்மையாகப் பறந்து வந்து அலறுவது கூகையாக இருக்கலாம். ஆயினும் இந்த விளக்கங்கள், ஏன் குறிப்பிட்ட அந்தக் கிணற்றில் குறிப்பிட்ட அந்தப் பெண் தோன்றினாள் என்பதைச் சொல்வதில்லை. அதற்குத்தான் கதை தேவைப்படுகிறது.

ஓர் எல்லையை மட்டும் தாண்டவே கூடாது. பேய் பிடித்திருப்பதாகச் சொல்லப்படுபவர் இப்போது உங்கள் கண்முன் துன்பப்பட்டுக்கொண்டிருந்தால், பதிவுக் கருவியை நிறுத்திவிடுங்கள். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தர்காவை ஒட்டியிருந்த மனநலக் காப்பகம் ஒன்றில் 2001 ஆகஸ்ட் 6 அன்று நேர்ந்த தீவிபத்தில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்துபோனார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. குடும்பத்தாரின் நம்பிக்கையைப் பழிக்காமல், கோயிலுக்குப் போவதோடு மருத்துவரையும் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணை எழுதிக் கொடுங்கள். அந்த நேரத்தில் உங்கள் பதிவைவிட அது பெரிது.

பெயர்களிலும் அதே எச்சரிக்கை வேண்டும். சாதி மீறிய காதலுக்காகக் கொல்லப்பட்டவர்களின் கதைகள் இவற்றுக்குள் நிறைய உண்டு. கொன்ற குடும்பத்தின் பேரப்பிள்ளைகள் அதே தெருவில் வாழ்வார்கள். உங்கள் குறிப்பேட்டில் முழுப் பெயரையும் எழுதி வையுங்கள், வெளியே தரும் படியில் பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிடுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லலாம் என்று அவருடைய குடும்பமே விரும்பினால் மட்டும் அதைச் சேருங்கள்.

எழுதி முடித்த பிறகு, சொன்னவரிடமே கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். ஆச்சியிடம் நான் வாசித்தபோது, கிணற்று மேட்டில் வெள்ளைச் சேலையில் ஒரு பெண் நின்றாள் என்ற வரி வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார். "வெள்ளைன்னு நான் எப்பச் சொன்னேன்? அரக்குச் சேலைலா. மஞ்சக் கரை. பெட்டியில இருக்கே, அதே சேலைதான்." பதிவை மறுபடி போட்டுக் கேட்டேன். அவர் நிறம் எதையும் சொல்லியிருக்கவில்லை. வெள்ளை என் பழக்கத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சொல்லை அடித்துவிட்டு, அவர் சொல்லச் சொல்ல, மஞ்சள் கரை போட்ட அரக்குச் சேலை என்று எழுதினேன்.